உடலுக்கும் மனத்துக்கும் சடுகுடு

தேர்வு நெருங்கினால் முதலில் பறிபோவது உடற்கல்வி நேரம்தான். “டீச்சர், இன்னிக்கு விளையாட்டு இல்லையா?” என்று பிள்ளைகள் முகம் வாடிக் கேட்பார்கள். 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது, சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை அசைக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

அதற்குச் சடுகுடு நல்ல வழி. கருவி எதுவும் வேண்டாம். புல்தரையும் அணிக்கு 7 பேரும் போதும்.

• உடலுக்கு: ஓடி, குனிந்து, சட்டென்று திரும்புவதால் காலும் இடுப்பும் வலுப்பெறும். ‘கபடி, கபடி’ என்று விடாமல் பாடிப் போகும்போது மூச்சு கட்டுக்குள் வரப் பழகும்.

• மனத்துக்கு: யாரைத் தொடலாம், எப்போது திரும்பலாம் என்று 30 நொடிக்குள் முடிவெடுக்க வேண்டும். பதற்றத்திலும் யோசிக்கும் பழக்கம் இப்படித்தான் வரும்.

• அவுட் ஆனவர், தன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் செய்தால் மறுபடி உள்ளே வரலாம். ‘விழுந்தாலும் எழுந்து வரலாம்’ என்று நாம் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

முதலில் 5 நிமிடம் வார்ம் அப் செய்ய விடுங்கள். சின்ன வகுப்புகளுக்குப் பிடித்து இழுக்காமல், தொட்டாலே போதும் என்று விதியை மாற்றிக்கொள்ளலாம். தேர்வு வாரத்திலும் இந்த நேரத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீங்க, ஆசிரியர்களே!