மூலக் கோப்பும் அதன் வாலும்

சுங்கைப்பட்டாணியில் என் மாணவர்கள், தோட்டத்தில் வெட்டும் செம்பனைக் குலைகளை எண்ணிப் பதிய ஒரு செயலி எழுதினார்கள். செம்பனைக் காட்டுக்குள் இணையம் எட்டாது. ஆகவே கைப்பேசிக்குள்ளேயே எஸ்கியூலைட் தரவுத்தளத்தை வைத்தார்கள். இதற்குத் தனி சர்வர் வேண்டாம்; அட்டவணைகள் அனைத்தும் ஒரே கோப்பில் அடங்கும். அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருள், சர்வர் நின்றால் தானும் நின்றுவிடும். அந்தத் தொல்லையால் ரிச்சர்ட் ஹிப் 2000இல் இதை உருவாக்கினார். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எல்லாவற்றிலும் இன்று இது உண்டு.

ஒருநாள் செயலி ஓடும்போதே அந்தக் கோப்பை மட்டும் மடிக்கணினிக்கு நகலெடுத்தோம். திறந்தால், கடைசியாகப் பதிந்த குலைகளைக் காணோம்! குலைக் கணக்கில்தானே வெட்டுபவரின் கூலி இருக்கிறது?

நாங்கள் வைத்திருந்த முறையில், புதிய பதிவுகள் முதலில் 'வால்' என முடியும் துணைக்கோப்பில் விழும். (பெயர்ப்பொருத்தத்தைப் பாருங்கள்!) வழக்கமாக 1000 பக்கங்கள் சேர்ந்த பிறகே அவை மூலக் கோப்பில் ஏறும். தோட்டத்துக் கிராணி சிட்டையில் குறித்து, பிறகு பேரேட்டில் ஏற்றுவாரே, அதே வழக்கம். நாங்கள் சிட்டையை விட்டுப் பேரேட்டை மட்டும் தூக்கி வந்திருந்தோம்.

நல்லவேளை, கைப்பேசியில் எதையும் அழிக்கவில்லை. செயலியை முறையாக மூடியதும் வாலில் இருந்தவை மூலத்தில் சேர்ந்தன. இப்போது செயலி ஓடும்போது நகல் தேவைப்பட்டால், எஸ்கியூலைட்டிலேயே உள்ள பேக்கப் வசதியைத்தான் மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள்.