குழந்தையைத் தேடிய 1,300 கனவுகள்

அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாக, இடையில் எங்கும் இறங்காமல் முதன்முதலில் விமானத்தில் கடந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் லிண்ட்பெர்க். 1932 மார்ச் 1 அன்று இரவு, நியூஜெர்சியில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து அவரது 20 மாதக் குழந்தை கடத்தப்பட்டது. நாடே அந்தக் குழந்தையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. அப்போது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்கள் ஹென்றி மரேயும் டி. ஆர். வீலரும் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் விடுத்தார்கள்: இந்தக் கடத்தலைப் பற்றி யாராவது கனவு கண்டிருந்தால் எழுதி அனுப்புங்கள். 1,300-க்கும் மேற்பட்ட கனவுகள் வந்து சேர்ந்தன. மே 12 அன்று, வீட்டிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், சாலையோரத்து மரங்களுக்கு நடுவே குழந்தையின் சடலம் கிடைத்தது. அதன்பின் கனவுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குழந்தை இறந்துவிட்டதாகச் சொன்னவை நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருந்தன. இறந்தது, புதைக்கப்பட்டது, மரங்களுக்கு நடுவே கிடந்தது ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொன்ன கனவுகள் வெறும் நான்கு.

கனவு பலிக்குமா என்ற கேள்விக்கு இவ்வளவு நேர்மையான சோதனை அபூர்வம். முடிவு தெரிவதற்கு முன்பே கனவுகள் எழுத்தில் வந்துவிட்டன. பொருந்தாதவையும் கணக்கில் நின்றன. வழக்கமாக நம் காதுக்கு வருபவை அந்த நான்கைப் போன்றவை மட்டுமே. குழந்தை உயிரோடு கிடைத்ததாகக் கனவு கண்டவர் அதை யாரிடம் போய்ச் சொல்வார்? மறுவாரமே அவருக்கும் மறந்துபோகும். ஒரு கனவு மறுநாள் நடப்போடு தற்செயலாகப் பொருந்துவதற்குப் பத்தாயிரத்தில் ஒரு வாய்ப்புத்தான் என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு ஒரு கனவு என்றாலும் ஆண்டுக்கு 365 கனவுகள். அந்தக் கணக்கில், நூறு பேரில் மூன்று நான்கு பேருக்கு ஓர் ஆண்டில் ஒரு கனவாவது பலித்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி 7.2 கோடிப் பேர் வாழும் தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 25 லட்சம் பேர். எந்தத் தெய்வீகமும் இல்லாமல், தற்செயல் மட்டுமே இத்தனை கதைகளை உண்டாக்கப் போதும்.

‘பொதுவாகப் பொருந்தினால் தற்செயல் எனலாம், சின்ன விவரம்கூடப் பிசகாமல் பொருந்துகிறதே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஜே. டபிள்யூ. டன் என்ற பிரிட்டிஷ் பொறியாளர் 1927-இல் தம் நூலிலேயே பதிவு செய்த அனுபவம் பயன்படும். 1902-இல் தென்னாப்பிரிக்காவில் படையில் இருந்தபோது, ஒரு தீவு எரிமலையால் வெடிக்கப்போவதாகவும் 4,000 பேர் சாகப்போவதாகவும் அவர் கனவு கண்டார். பிறகு வந்த நாளிதழில் மார்த்தினிக் தீவின் பெலே எரிமலை வெடித்த செய்தி. இறந்தவர்கள் 4,000 என்று போட்டிருப்பதாகவே அவர் வாசித்தார். பல ஆண்டுகள் கழித்து அந்தச் செய்தியை நகலெடுக்கும்போதுதான் அதில் இருந்தது 40,000 என்று கண்டார். உண்மையில் இறந்தவர்கள் 30,000-க்குச் சற்றுக் குறைவு. ஆக, கனவின் எண் நிகழ்ந்ததோடு பொருந்தவில்லை. அவருடைய தவறான வாசிப்போடு பொருந்தியது. எதிர்காலத்தில் தாம் வாசிக்கப்போவதையே கனவில் கண்டதாக டன் முடிவு கட்டினார். அதைவிட எளிய விளக்கம் ஒன்று இருக்கிறது: வாசித்த எண், மங்கலாக நினைவிருந்த கனவுக்குள் பின்னாளில் போய் உட்கார்ந்துகொண்டது. கனவின் நினைவு அவ்வளவு இளகியது. நடந்தது தெரிந்த பிறகு சொல்லப்படும் கனவில் விவரம் எவ்வளவு கூர்மையோ, சந்தேகமும் அவ்வளவு வேண்டும்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பது நம் ஊர் நம்பிக்கை. எந்தச் சாமத்துக் கனவு எத்தனை காலத்தில் பலிக்கும் என்று கணக்குச் சொல்லும் கனா நூலே தமிழில் உண்டு. இதில் உண்மையான கவனிப்பு ஒன்று இருக்கிறது. கண்விழிகள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் மிகுதி என்பதை 1953 முதல் நடந்த ஆய்வுகள் காட்டின. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் அந்தக் கட்டம், விடியலை நெருங்க நெருங்க நீளும். நாம் விழிப்பதும் பெரும்பாலும் அதையொட்டியே. அதனால் விடியற்காலைக் கனவு மனதில் நிற்கிறது. நினைவில் நிற்கும் கனவைத்தானே நடப்போடு பொருத்திப் பார்க்க முடியும்? நோயுற்ற உறவினரைப் பற்றிய கனவும் இப்படித்தான். பகலெல்லாம் உள்ள கவலை இரவில் காட்சியாகிறது. அந்தக் கவலைக்குக் காரணம் இருந்தால், கனவும் சில வேளை மெய்யாகும்.

முன்னுணர்வுகளைப் பேரிடர் எச்சரிக்கையாகவே பயன்படுத்த ஒரு முயற்சி நடந்தது. 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபெர்வான் கிராமத்தில் நிலக்கரிச் சுரங்கக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. 144 பேர் இறந்தார்கள். 116 பேர் குழந்தைகள். முன்பே இதை உணர்ந்தவர்கள் உண்டா என்று மனநல மருத்துவர் ஜான் பார்க்கர் நாளிதழ் மூலம் கேட்டார். 76 பேர் எழுதினார்கள். மறு ஆண்டே முன்னுணர்வுகளை முன்கூட்டிப் பதிவுசெய்ய லண்டன் நாளிதழ் ஒன்றோடு சேர்ந்து ஓர் அலுவலகம் தொடங்கினார். நூற்றுக்கணக்கான தகவல்கள் குவிந்தன; பொருந்தியவை சொற்பம்; ஒரு விபத்தும் தடுக்கப்படவில்லை. காரணம், பலிக்கப்போகும் கனவுக்கு முன்கூட்டி எந்த அடையாளமும் கிடையாது. லிண்ட்பெர்க் வழக்கில் காவலர்கள் கனவுகளை நம்பியிருந்தால், 1,300-இல் அந்த நான்கை எதை வைத்துப் பிரித்திருப்பார்கள்?

இதில் ஓர் ஆறுதலும் இருக்கிறது. கெட்ட கனவு கண்டும் சொல்லாமல் விட்டோமே என்று, ஒரு சாவுக்குப் பின் தம்மையே நொந்துகொள்பவர்கள் பலர். அந்தக் கனவை நூறு கனவுகளிலிருந்து பிரித்தறிய அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. அபெர்வானிலோ அடையாளத்தோடு கூடிய எச்சரிக்கை பகலிலேயே வந்திருந்தது. பள்ளிக்குப் பின்னால் கழிவு கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர்ப் பொறியாளர் 1963-லேயே நிலக்கரி வாரியத்துக்கு எழுதியிருந்தார். பிறகு விசாரித்த தீர்ப்பாயம் பழியைச் சுமத்தியது அந்த வாரியத்தின் மேல்தான்.