தீவின் மொழியைக் கற்ற சிறுவன்: ஹவாயில் ஒரு மார்மன் அருட்பணியாளரின் அனுபவங்கள்

உலகின் பல நகரங்களில் வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையும் அணிந்து, மார்பில் கறுப்புப் பெயர்த் தகடு தாங்கி, இருவர் இருவராக வீடுதோறும் செல்லும் இளைஞரைக் காணலாம். இவர்கள் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்னும் அமைப்பினர். மார்மன்கள் என்பது உலக வழக்கில் அவர்களுக்கு நிலைத்துவிட்ட பெயர். நம் சபை மக்கள் இவர்களைச் சந்தித்தபின் ஆயரிடம் வந்து, "இவர்கள் யார்? இவர்களும் கிறிஸ்தவர்கள்தாமா?" என்று வினவுகின்றனர். நாமும் அவர்தம் உபதேசத்தில் உள்ள மாறுபாடுகளை எடுத்துக்கூறி அனுப்பிவிடுகிறோம். அது நம் கடமையே. ஆயினும் அந்த இளைஞர் எவ்வாறு உருவாகிறார், அயல்நாட்டில் அவர் எதைக் கற்கிறார், எதில் தவறுகிறார் என்பவற்றை நாம் ஆராய்வதில்லை. அத்தகைய இளைஞர் ஒருவரின் வரலாற்றை இக்கட்டுரையில் சற்று விரிவாக நோக்குவோம்.

இன்று நிலவும் முறையை முதலில் அறிந்துகொள்வது நன்று. 2012 முதல் அச்சபையின் ஆண் இளைஞர் 18 வயதிலேயே இப்பணிக்குச் செல்லலாம். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் பணியாற்றுவர். எந்த நாட்டுக்குச் செல்வதென்பதை அவர்கள் தெரிவு செய்வதில்லை. சபைத் தலைமையே குறித்தனுப்புகிறது. ஊதியம் இல்லை, செலவைப் பெரும்பாலும் அவர்களும் அவர்தம் குடும்பத்தாருமே ஏற்கின்றனர். இவர்கள் இறையியல் கல்லூரியில் பயின்றவர்கள் அல்லர். சில வாரப் பயிற்சியும், வேண்டுமானால் மொழிப் பயிற்சியும் பெற்றுப் புறப்படுகின்றனர். 2019-ஆம் ஆண்டுவரை ஆண்டுக்கு இரு முறை மட்டுமே வீட்டாருடன் தொலைபேசியில் பேச இசைவு இருந்தது. அவ்வாண்டு முதல் வாரந்தோறும் பேசலாம்.

இந்த ஒழுங்குகள் எவையும் அமையாத காலத்தில் அனுப்பப்பட்டவர் ஜோசப் எஃப். ஸ்மித். பின்னாளில், 1901 முதல் 1918 வரை, அச்சபையின் ஆறாம் தலைவராக விளங்கியவர். ஆனால் நாம் இங்குக் காண விழைவது தலைவரை அன்று, 15 வயதுச் சிறுவனை.

அநாதைச் சிறுவனின் அழைப்பு

அவர் 1838-இல் மிசூரி மாநிலத்தில் பிறந்தார். மார்மன் இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோசப் ஸ்மித்தின் தமையன் ஹைரம் ஸ்மித் அவருடைய தந்தை. 1844-இல் இல்லினாய் மாநிலத்தின் கார்த்தேஜ் சிறையில் கலகக் கூட்டத்தார் அவ்விரு சகோதரர்களையும் சுட்டுக் கொன்றனர். சிறுவனுக்கு அப்போது வயது ஐந்து. 1848-இல் தாய் மேரி ஃபீல்டிங் தம் பிள்ளைகளுடன் பெருஞ்சமவெளியைக் கடந்து யூட்டாவுக்குச் சென்றபோது, மாட்டு வண்டி ஓட்டியவர்களுள் இச்சிறுவனும் ஒருவன். 1852-இல் தாயும் மறைந்தார்.

பெற்றோரை இழந்த சிறுவன் முரடனாக வளர்ந்தான். பள்ளி ஆசிரியர் தன் தங்கையைத் தோல்வாரால் அடிக்க முற்பட்டபோது குறுக்கிட்டு ஆசிரியரையே அடித்துவிட்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார். பள்ளி வாழ்வு அத்துடன் முடிந்தது. 1854 ஏப்ரலில் கூடிய சபை மாநாட்டில், சான்ட்விச் தீவுகள் என்று அந்நாளில் வழங்கிய ஹவாயித் தீவுகளுக்குச் செல்லவேண்டியவர்களுள் ஒருவராக அவர் பெயரும் வாசிக்கப்பட்டது. வழிச்செலவுக்குப் பணமில்லை. கலிபோர்னியாவில் கூரைப் பலகை அறுக்கும் கூலி வேலை செய்து பணம் சேர்த்துக் கப்பலேறி, செப்டம்பர் இறுதியில் ஹொனலூலு சேர்ந்தார்.

முன்பே உழப்பட்ட நிலம்

அவர் சென்றடைந்த தீவுகள் நற்செய்தியை அறியாதவை அல்ல. அமெரிக்க மிஷன் சங்கத்தார் 1820-லேயே அங்கு வந்திருந்தனர். 1816-இல் யாழ்ப்பாணத்திலும் 1834-இல் மதுரையிலும் பணி தொடங்கிய அதே சங்கத்தார் அவர்கள். யாழ்ப்பாணத்தில் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவியதுபோல், 1831-இல் மாவி தீவில் லஹைனாலூனா என்னும் உயர்கல்விப் பள்ளியை ஏற்படுத்தினர். ஹவாயி மொழிக்கு எழுத்து முறை வகுத்தனர். 1839-இல் திருமறை முழுவதையும் அம்மொழியில் பெயர்த்து முடித்தனர்.

மார்மன் குழுவினர் பதின்மர் 1850 டிசம்பரில் வந்தனர். தீவுகளில் வாழ்ந்த வெள்ளையரிடையே பணியாற்றுவதே அவர்களுட் சிலரின் எண்ணம். வெள்ளையர் செவிகொடாமற் போகவே ஏறத்தாழப் பாதிப்பேர் சில மாதங்களில் திரும்பிவிட்டனர். ஜார்ஜ் கானன் என்னும் 23 வயது இளைஞரோ, தீவினரின் மொழியைக் கற்று அவர்களிடமே செல்வதென உறுதிகொண்டு தங்கினார். மாவியில் ஜோனதான் நாபேலா என்னும் நீதிபதி அவருக்கு உறுதுணையானார். இருவரும் இணைந்து உழைத்ததன் பயனாக, ஹவாயி மொழியில் பெயர்க்கப்பட்ட மார்மன் புத்தகம் 1855-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் அச்சாயிற்று. கானன் 1854-இல் தீவை விட்டபோது ஏறத்தாழ 4,000 பேர் அச்சபையில் சேர்ந்திருந்தனர்.

இங்கு நாம் நின்று சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. நாபேலா, லஹைனாலூனாவில் பயின்றவர். புராட்டஸ்டண்டு அருட்பணியின் கனி. அத்தகையவர் ஏன் வேறொரு குழுவினரிடம் சென்றார்? அவருடைய உள்ளத்தை நாம் அறியோம். ஆனால் சூழ்நிலையை அறிவோம். ஹவாயி நாட்டவருள் முதலாவதாக ஆயர் பணிக்கு அபிஷேகம் பெற்றவர் ஜேம்ஸ் கெகேலா, ஆண்டு 1849. அதாவது, திருமறையைப் பெயர்த்துக் கொடுத்தோர், தீவினர் ஒருவரிடம் சபையை ஒப்படைக்க 29 ஆண்டுகள் எடுத்துக்கொண்டனர். மார்மன்களோ வந்த சில ஆண்டுகளுக்குள் தீவினரைத் தம் ஊழிய நிலைகளில் நியமிக்கத் தொடங்கினர். மந்தையை வேறொருவர் கவர்ந்துகொண்டார் என்று முறையிடுமுன், அதற்கு நாம் எதைக் கொடாது வைத்திருந்தோம் என்று நம்மை நாமே வினவவேண்டும்.

தாயான அயலாள்

ஜோசப், மாவி தீவின் கூலா என்னும் மலைச்சரிவுப் பகுதிக்கு அனுப்பப்பட்டார். சென்ற சில நாட்களில் கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். பேச மொழி தெரியாது, உறவினர் எவருமில்லை. அவ்வூர்ப் பெண் ஒருவர் தம் மகனைப்போல் அவரைப் பேணிக் காத்தார். மாமாஹூஹீ என்று அச்சபை வரலாறு அவரை நினைவுகூருகிறது. இரண்டாண்டுகளுக்கு முன் தாயை இழந்த சிறுவன், கடல் கடந்த நாட்டில் மீண்டும் ஒரு தாயைப் பெற்றான்.

மொழி, தேவ வரத்தினாலும் படிப்பினாலும் கிட்டும் என்று பார்லி பிராட் என்னும் மூத்தவர் புறப்படுமுன் அவருக்குச் சொல்லியிருந்தார். இரண்டில் ஒன்றைமட்டும் அவர் பற்றிக்கொள்ளவில்லை. தீவினரின் குடிசையில் உறங்கி, சேப்பங்கிழங்கை மசித்துச் செய்யும் 'போய்' என்னும் உணவை அவர்களோடு உண்டு, பேசிப் பேசியே கற்றார். ஏறத்தாழ 100 நாட்களில் ஹவாயி மொழியில் பிரசங்கிக்கலானார். 16 வயதில் மாவித் தீவின் சபைகளை மேற்பார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பின்னர் ஹவாயிப் பெருந்தீவிலும் மொலொகாயிலும் பணியாற்றினார்.

இவ்வனுபவத்தை வெற்றிக் கதையாகமட்டும் கொள்ளலாகாது. எஞ்சியுள்ள அவருடைய நாட்குறிப்புகளிலும் கடிதங்களிலும் தனிமையும் சோர்வும் வறுமையும் காணப்படுகின்றன. தீவினரின் உணவையும் வாழ்க்கை முறையையும் பற்றிய எரிச்சலும் ஆங்காங்கே வெளிப்படுகிறது. லனாய் தீவில் ஒரு தீவிபத்தில் உடைமைகளை இழந்தார். இழிந்த நிலையில் தாம் கண்ட கனவொன்றைப் பல்லாண்டுகளுக்குப்பின் விவரித்தார். அவசரமாக எங்கோ விரைந்து செல்கையில் வழியில் நீராடித் தூய ஆடை உடுத்தி ஒரு மாளிகையை அடைய, இறந்துபோன தம் சிறிய தந்தை ஜோசப் ஸ்மித், தாமதித்து வந்தாயே என்றாராம். ஆயினும் தூய்மையாய் வந்தேன் என்று இவர் விடையளித்தாராம். கனவுகளை உபதேசத்துக்கு ஆதாரமாகக் கொள்வது நம் மரபன்று. ஆயினும் கந்தலாடையில் திரிந்த ஓர் இளைஞன் தன் மானத்தை எவ்வாறு காத்துக்கொண்டான் என்பதை இக்கனவு புலப்படுத்துகிறது.

ஆயர் நீங்கியபின்

1857-இல் அமெரிக்கக் கூட்டரசின் படை யூட்டாவை நோக்கிப் புறப்பட்டபோது, வெளிநாடுகளிலிருந்த ஊழியர் திரும்ப அழைக்கப்பட்டனர். ஜோசப் அவ்வாண்டிலேயே புறப்பட, 1858-இல் எஞ்சியோரும் தீவுகளை விட்டகன்றனர். சபைகள் தீவினரான மூப்பர்களிடம் விடப்பட்டன. ஆனால் அதுவரை முதன்மைத் தலைமையை அயலாரே வகித்து வந்திருந்தனர்.

1861-இல் வால்ட்டர் மரே கிப்சன் என்பவர், யூட்டாத் தலைமையின் ஆணைப்பத்திரத்துடன் அங்கு வந்து சேர்ந்தார். லனாய் தீவில் மக்களைத் திரட்டினார். ஊழியப் பட்டங்களைப் பணத்துக்கு விற்றார். சபையார் ஈந்த பொருளால் நிலங்களைத் தம் பெயரில் வாங்கினார். நிலைமையை உணர்ந்து யூட்டாத் தலைமைக்கு முறையீட்டுக் கடிதம் எழுதியவர்கள் தீவினரே. 1864-இல் ஆய்வுக்கு வந்த குழுவில், இப்போது 25 வயதான ஜோசப் மொழி அறிந்தவராக இடம்பெற்றார். கிப்சன் விலக்கப்பட்டார், நிலங்களோ அவரிடமே தங்கின. பின்னாளில் அவர் ஹவாயி அரசின் முதலமைச்சராகவும் உயர்ந்தார்.

பத்தாண்டுகளுக்குள் நிகழ்ந்த இவ்வரலாறு, எந்த அருட்பணி அமைப்புக்கும் எச்சரிக்கையாகும். அயலாரின் சொல்லே இறுதிச் சொல் என்று பழகிய சபை, ஆணைப்பத்திரம் ஏந்திவரும் எவருக்கும் எளிதில் பணிந்துவிடும். அதே சபையில் எழுதப் படிக்கக் கற்ற மக்கள் இருந்ததால்தான் தவறு வெளிப்பட்டது. அவர்களுக்கு எழுத்தறிவு அளித்தது லஹைனாலூனா போன்ற பள்ளிகளின் பணி என்பதையும் மறக்கலாகாது.

நாம் வேறுபடும் இடம்

மார்மன் உபதேசத்துக்கும் திருச்சபையின் பொது விசுவாசத்துக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. 1830-இல் வெளியான மார்மன் புத்தகத்தைத் திருமறைக்கு இணையாக அவர்கள் ஏற்கின்றனர். நைசீயா விசுவாச அறிக்கையின் திரித்துவ உபதேசத்தை ஏற்பதில்லை. பிதாவாகிய தேவனுக்கு மாம்சமும் எலும்புமான சரீரம் உண்டென்று போதிக்கின்றனர். அவர்தம் திருமுழுக்கைப் பல திருச்சபைகள் ஏற்காதிருப்பதற்கு இவையே காரணங்கள். கறுப்பின ஆண்களுக்கு அவர்தம் ஆசாரியத்துவம் 1978 வரை மறுக்கப்பட்டிருந்தது. ஜோசப் எஃப். ஸ்மித்தும் பலதார மணம் புரிந்தவர். சபைத் தலைவரான பின் 1904-இல் புதிய பலதார மணங்களைத் தடைசெய்யும் அறிக்கையை வெளியிட்டவரும் அவரே. இவற்றை நம் மக்களுக்குத் தெளிவாகக் கற்பிக்கவேண்டும்.

ஆனால் உபதேசத்தில் நாம் சரியானவர்கள் என்பது, ஊழியத்தில் நாம் கற்கவேண்டியது ஒன்றுமில்லை என்று பொருள்படாது. 1853-இல் ரிச்சர்ட் பாலன்டைன் என்னும் மார்மன் ஊழியர் சென்னைக்கும் வந்தார். அவரும் தோழரும் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோரிடையே பணியாற்றினர். நிலையான சபை ஏதும் உருவாகவில்லை. ஒரே காலம், ஒரே அமைப்பு, ஒரே ஆர்வம். மாவியில் மக்களின் மொழி கற்கப்பட்டது, சென்னையில் கற்கப்படவில்லை. விளைவில் காணும் வேறுபாட்டுக்கு இதுமட்டுமே காரணம் என்று கூறமாட்டோம். இது முதன்மையான காரணங்களுள் ஒன்று என்று துணிந்து கூறலாம்.

எழுபதின்மரை அனுப்பிய நம் ஆண்டவர், பையும் பணமும் இன்றிச் சென்று, ஏற்றுக்கொள்ளும் வீட்டில் தங்கி, அவர்கள் தருவதை உண்ணக் கட்டளையிட்டார் (லூக்கா 10). கொடுப்பவராகவே செல்லும் ஊழியர் மக்களுக்கு மேலே நிற்கிறார்; பெறுபவராகவும் செல்பவரே அவர்களுள் ஒருவராகிறார். நம் இறையியல் மாணவர்கள் களப்பயிற்சிக்காகச் சேரிக்கும் மலையூருக்கும் செல்லும்போது, அங்கு எத்தனை கூட்டங்கள் நடத்தினர் என்று அறிக்கையில் கேட்கிறோம். எவர் வீட்டில் உண்டனர், எவரிடம் கற்றனர் என்று கேட்கிறோமா? இவ்வினாவையும் அறிக்கையில் சேர்க்கலாமே.

இறுதியாக ஒரு நிகழ்ச்சி. முதுமையில், சபைத் தலைவராக ஜோசப் எஃப். ஸ்மித் ஹொனலூலு துறைமுகத்தில் இறங்கியபோது மாலைகளும் இசையும் வரவேற்றன. கூட்டத்தில் பார்வையிழந்த மூதாட்டி ஒருவர், கையில் சில வாழைப்பழங்களுடன், "இயோசேபா, இயோசேபா" என்று அவர் பெயரைத் தம் மொழியில் கூறி அழைத்தார். அவர் ஓடிச்சென்று அம்மூதாட்டியைக் கட்டியணைத்து, அம்மா என்று விளித்தார் என்று உடனிருந்த சார்லஸ் நிப்லி எழுதியுள்ளார். காய்ச்சலில் கிடந்த சிறுவனைப் பேணிய அதே தாய் அவர். அரை நூற்றாண்டு கடந்தபின், அவர் ஆற்றிய பிரசங்கங்களுள் எவையெவை அத்தீவினர் நினைவில் நின்றன என்று நமக்குத் தெரியாது. அந்தக் குரலை அவர் மறக்கவில்லை. அவர் பெயரை அத்தாயும் மறக்கவில்லை. நாம் பணியாற்றி நீங்கிய ஊர்களில் நம்மை இவ்வாறு பெயர் சொல்லி அழைப்பவர் உண்டா என்று ஆயர்களாகிய நாம் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.