செய்திப் படம் எடுக்கப் பழகுவோம்

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. இரண்டு நாள் கழித்து, கடலூரில் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக் கலைஞர் அர்கோ தத்தா ஒரு படம் எடுத்தார். மணலில் ஒரு பெண் குப்புற விழுந்து, கைகளை விரித்து அழுகிறார். படத்தின் ஓரத்தில் இறந்துபோன உறவினரின் கை மட்டும் தெரிகிறது. அலை இல்லை, இடிந்த வீடு இல்லை, இறந்தவரின் முகமும் இல்லை. ஆனாலும் அந்தப் பேரழிவில் மனிதர்கள் எதை இழந்தார்கள் என்பதை உலகம் அந்தப் படத்தில் பார்த்தது. வேர்ல்டு பிரஸ் போட்டோ அமைப்பு அதை அந்த ஆண்டின் சிறந்த செய்திப் படமாகத் தேர்ந்தெடுத்தது.

எதைப் படத்துக்குள் வைப்பது, எதை வெளியே விடுவது என்று சில நொடிகளில் முடிவெடுப்பவரே பத்திரிகைப் புகைப்படக்காரர். கல்யாண வீட்டில் தாலி கட்டும் படம் சரியாக வரவில்லை என்றால் மணமக்களைக் கொஞ்சம் நிற்கச் சொல்லலாம். செய்தியில் அது நடக்காது. நடந்தது நடந்துவிட்டது, அதை நேரில் பார்க்காத லட்சம் பேர் உங்கள் படத்தை நம்பித்தான் ஒரு முடிவுக்கு வரப்போகிறார்கள். அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர் முதலில் செய்தியாளர். அவர் கையில் பேனாவுக்குப் பதில் கேமரா இருக்கிறது.

இத்துறைக்கு வர ஆசைப்படும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எந்த கேமரா வாங்கலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் ஊரில் இன்று என்ன செய்தி?"

புள்ளிகளால் ஆன படம்

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். ஆனால் அதன் பிறகு சுமார் 40 ஆண்டுகள் நாளிதழ்களால் புகைப்படத்தை அப்படியே அச்சிட முடியவில்லை. படத்தைப் பார்த்து மரக்கட்டையில் செதுக்கி, அந்தச் செதுக்கலைத்தான் அச்சிட்டார்கள். அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்தது இரண்டே நிலைகள்: மை உண்டு, மை இல்லை. நடுவில் உள்ள சாம்பல் நிறங்களை அதற்குச் சொல்ல வழியில்லை. படத்தைச் சிறியதும் பெரியதுமான புள்ளிகளாக உடைக்கும் 'ஹாஃப்டோன்' முறை இந்தச் சிக்கலைத் தீர்த்தது. 1880 மார்ச் 4 அன்று நியூயார்க்கின் 'டெய்லி கிராஃபிக்' நாளிதழ் அந்த முறையில் ஒரு குடிசைப் பகுதியின் படத்தை வெளியிட்டது.

இன்றைய நாளிதழை எடுத்து, ஒரு பூதக்கண்ணாடி வழியாக அதிலுள்ள படத்தைப் பாருங்கள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு நிறப் புள்ளிகள் தெரியும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சும். புள்ளிகள் கொஞ்சம் பரவி, இருண்ட பகுதிகள் அடைத்துக்கொள்ளும். கணினித் திரையில் அழகாகத் தெரிந்த நிழல் முகம், மறுநாள் தாளில் கறுப்புத் திட்டாகிவிடுவது இதனால்தான். முகத்தில் வெளிச்சம் இருக்க வேண்டும், படத்தின் மையம் ஒரே பார்வையில் புரிய வேண்டும் என்று டெஸ்க்கில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்தக் காகிதமும் ஒரு காரணம்.

1925-இல் சந்தைக்கு வந்த லைக்கா கேமரா, சினிமா ஃபிலிம் சுருளையே பயன்படுத்தி, புகைப்படக்காரரை முக்காலியிலிருந்து விடுவித்துத் தெருவுக்கு அனுப்பியது. 1935 ஜனவரி 1 முதல் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் தொலைபேசிக் கம்பி வழியே படங்களை அனுப்பத் தொடங்கியது. 1999-இல் நிக்கான் டி1 வந்ததும் பத்திரிகை அலுவலகங்கள் டிஜிட்டலுக்கு மாறும் வேகம் கூடியது. அந்த கேமராவின் திறன் வெறும் 2.7 மெகாபிக்சல். படத்தின் அகலம் 2000 பிக்சல். அங்குலத்துக்கு 200 பிக்சல் வீதம் அச்சிட்டால்கூட 10 அங்குல அகலத்துக்குப் படம் போடலாம். முதல் பக்கத்துக்கு அது தாராளம். இன்று உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் அதைவிடப் பல மடங்கு பிக்சல்கள் கொண்டது.

எந்தக் கருவி போதும்?

பெரிய நாளிதழ்களில் வேலை செய்பவர்களிடம் பொதுவாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும்: கூட்டத்துக்குள் நின்று எடுக்க 24–70 மி.மீ., தள்ளி நின்று எடுக்க 70–200 மி.மீ. இவை விலை உயர்ந்தவை. தொடங்குபவருக்கு, செகண்ட் ஹேண்டாக வாங்கிய டி.எஸ்.எல்.ஆர்., அதனுடன் வரும் 18–55 லென்ஸ், குறைந்த வெளிச்சத்துக்கு ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஆகியவை போதும். கூடுதலாக ஒரு பேட்டரியும் ஒரு மெமரி கார்டும் எப்போதும் பையில் இருக்கட்டும். கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். எந்தப் படம் எப்போது எடுத்தது என்பதற்குப் பின்னாளில் அதுவே ஆதாரம்.

கையில் இருக்கும் கேமராவைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கத் தெரிய வேண்டும். நடப்பவரை உறைய வைக்க 1/250 வினாடி போதும். ஜல்லிக்கட்டுக் காளைக்கும் கபடி வீரருக்கும் 1/1000 அல்லது அதற்கு மேல் வேண்டும். இரவுக் கூட்டமென்றால் ஐ.எஸ்.ஓ. எண்ணை 3200-க்கு உயர்த்தத் தயங்காதீர்கள். கொஞ்சம் மணல்மணலாகத் தெரியும் படத்தை ஆசிரியர் ஏற்பார், கலங்கிய படத்தை ஏற்க மாட்டார்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. அரசியல் கூட்டத்தில் எங்கு பார்த்தாலும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கேமராவின் ஒளிமானி காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். அந்த வெள்ளையை அடக்கும் முயற்சியில் முகங்கள் கறுத்துவிடும். அங்கே எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ கூட்டி வைக்க வேண்டும். இரண்டாவது, மேடை விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை மினுங்கும். வேகமான ஷட்டரில் படத்தில் பட்டை பட்டையாக நிழல் விழுந்தால், 1/100 அல்லது 1/50-க்கு இறங்கிப் பாருங்கள்.

ஒரு திங்கட்கிழமை

பயிற்சிக்குப் போர்க்களம் தேடிப் போக வேண்டாம். திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம் நடக்கிறது. அங்கிருந்து வழக்கமாக வரும் படம் எது என்று எல்லோருக்கும் தெரியும்: மனுவை நீட்டும் கை, வாங்கும் அதிகாரி. அந்தப் படத்தையும் எடுங்கள், அதுவும் வேலைதான். அதன் பிறகு வெளியே வாருங்கள். காலையிலேயே முதல் பேருந்தைப் பிடித்து வந்த முதியவர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பார். மனு எழுதித் தருபவரைச் சுற்றி நான்கு பேர் நிற்பார்கள். கருகிய பயிரைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு விவசாயிகள் வந்திருப்பார்கள். செய்தி பெரும்பாலும் காத்திருப்பவர்களிடம்தான் இருக்கிறது.

எந்த நிகழ்ச்சியிலும் மூன்று தூரங்களில் எடுப்பதைப் பழக்கமாக்குங்கள். முதலில் இடத்தையும் கூட்டத்தையும் காட்டும் அகலப் படம். அடுத்து, ஒருவர் என்ன செய்கிறார் என்று காட்டும் நடுத்தூரப் படம். பிறகு மனுவைப் பிடித்த விரல்களோ, ரப்பர் முத்திரையோ, முகத்தின் ஒரு பாவமோ தெரியும் நெருக்கப் படம். பக்கத்தை அமைப்பவருக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்பது உங்களுக்கு முன்கூட்டித் தெரியாது. கிடைமட்டத்திலும் செங்குத்திலும் படங்கள் இருந்தால் ஏதோ ஒன்று பக்கத்தில் உட்காரும்.

தேரோட்டம் என்றால் முந்தின நாளே நான்கு மாட வீதிகளையும் நடந்து பாருங்கள். காலை வெயில் எந்த வீதியில் எதிரே அடிக்கும், எந்த வீட்டு மாடியில் நிற்க அனுமதி கேட்கலாம், தேர் எந்த முனையில் திரும்பத் திணறும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தேர் திரும்பும் முனையில்தான் வடம் பிடிப்பவர்களின் முகம் இறுகும்; முட்டுக்கட்டை போடுபவர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உயிரைப் பணயம் வைத்து ஓடுவார்கள். நல்ல இடத்தில் முன்பே போய் நிற்பவருக்கு அந்தப் படம் கிடைக்கும். நிகழ்ச்சி முடிந்ததும் கிளம்பிவிடாதீர்கள். கூட்டம் கலைந்த பின் வீதியைப் பெருக்க வரும் தூய்மைப் பணியாளர்களும் அந்த நாளின் செய்தியே.

படவிளக்கம் இல்லாத படம் பாதிப் படம்

யார், என்ன, எங்கே, எப்போது, எதற்காக: இந்த ஐந்துக்கும் பதில் இல்லாமல் படத்தை அனுப்பாதீர்கள். படம் எடுத்த கையோடு பெயர், ஊர், தந்தை பெயரின் முதலெழுத்து, பதவி ஆகியவற்றைக் கேட்டுச் சின்னக் குறிப்பேட்டில் எழுதி, எழுதியதை அவரிடமே காட்டிச் சரிபாருங்கள். பலர் இருந்தால் இடமிருந்து வலமாக வரிசைப்படுத்துங்கள். தெரியாததை ஊகித்து எழுதக் கூடாது. 'மகிழ்ச்சியில் துள்ளிய மாணவிகள்' என்று எழுதும் முன், அவர்கள் தாமாகத் துள்ளினார்களா, நீங்கள் துள்ளச் சொன்னீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் அதே அளவு முக்கியம். மாவட்டப் பதிப்புகள் இரவில் அடுத்தடுத்து முடியும். பதிப்பு முடிந்த பிறகு வரும் மிகச் சிறந்த படத்தைவிட, எட்டு மணிக்கே வந்த நல்ல படம் ஆசிரியருக்கு உதவும். நூறு படங்களை அள்ளி அனுப்பாமல் ஐந்தைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர் என்ற நம்பிக்கை அப்படித்தான் உருவாகும்.

தாண்டக் கூடாத எல்லைகள்

2003-இல் இராக் போரின்போது 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழின் புகைப்படக்காரர் பிரையன் வால்ஸ்கி, அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைக் கணினியில் ஒட்டி ஒன்றாக்கி அனுப்பினார். படைவீரர் ஒருவரும் குழந்தையைச் சுமந்த ஒருவரும் இருந்த அந்தப் படம் முதல் பக்கத்தில் வந்தது. பின்னணியில் சிலர் இரண்டு முறை தெரிந்ததால் விஷயம் வெளிப்பட, அவர் வேலையை இழந்தார். இரண்டு படங்களும் உண்மையானவை. ஒட்டிய படம் பொய். 2015-இல் ராய்ட்டர்ஸ் தன் ஃப்ரீலான்ஸ் புகைப்படக்காரர்களிடம், 'ரா' கோப்பைக் கணினியில் பதப்படுத்தி அனுப்ப வேண்டாம், கேமராவிலேயே பதிவான ஜேபெக் படத்தை அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டது. வெளிச்சத்தையும் நிறத்தையும் அளவோடு சரிசெய்யலாம், ஓரத்தை வெட்டலாம். ஒரு மின்கம்பியை அழிப்பதோ, ஒரு ஆளைச் சேர்ப்பதோ கூடாது. செயற்கை நுண்ணறிவால் எதையும் உருவாக்கிவிடலாம் என்ற காலத்தில் இந்த நேர்மையே இத்தொழிலின் முதல் மூலதனம்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவதை 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 23-ஆம் பிரிவில் தடை செய்கிறது. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலைக் காட்டுவதும் அடையாளம் காட்டுவதுதான். சாவு வீட்டிலும் மருத்துவமனையிலும் சட்டம் சொல்லாத எல்லையும் உண்டு. துக்கத்தில் இருப்பவர் "வேண்டாம்" என்று கையசைத்தால் கேமராவை இறக்குங்கள்.

உங்கள் உயிரும் முக்கியம். ராய்ட்டர்ஸில் 2010-இல் பயிற்சியாளராகச் சேர்ந்த டேனிஷ் சித்திக்கி, 2018-இல் ரோஹிங்கியா அகதிகள் குறித்த படங்களுக்காகப் புலிட்சர் பரிசு பெற்ற குழுவில் இருந்தார். 2021 ஜூலை 16 அன்று ஆப்கானிஸ்தானின் ஸ்பின் போல்டாக்கில் பணியில் இருந்தபோது கொல்லப்பட்டார். கல்வீச்சு நடக்கும் இடத்தில் இரு தரப்புக்கும் நடுவே நிற்காதீர்கள். வெளியேறும் வழியைப் பார்த்து வைத்த பிறகே உள்ளே போங்கள்.

நுழைவது எப்படி?

இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞராக அறியப்படும் ஹோமாய் வியாரவாலா, கல்லூரியில் படித்தபோது ஒரு உல்லாசப் பயணத்தில் எடுத்த படங்கள் உள்ளூர் நாளிதழில் வெளியானதிலிருந்து தொடங்கினார். ஆரம்பத்தில் அவருடைய படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. அதே பெண்தான் 1947 ஆகஸ்ட் 16 அன்று செங்கோட்டையில் கொடி ஏற்றப்பட்டதையும், காந்தியின் இறுதிச் சடங்கையும் படமெடுத்தார். 2011-இல் பத்ம விபூஷண் பெற்றார். நம் காலத்தில், மதுரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எம். பழனிகுமார், கையால் கழிவகற்றும் தொழிலாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து பதிவு செய்து, 'பாரி' இணைய இதழின் புகைப்படக் கலைஞராக உயர்ந்தார். 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றார். இருவரும் தங்களுக்கு அருகில் இருந்ததிலிருந்தே தொடங்கினார்கள்.

உங்கள் தொகுப்பில் 20 படங்கள் போதும்: செய்தி, விளையாட்டு, முகங்கள், திருவிழா, மழை வெள்ளம், அன்றாட வாழ்க்கை, இவற்றோடு ஒரே விஷயத்தைப் பல படங்களில் சொல்லும் ஒரு படத்தொகுப்பு. மலர், சூரிய அஸ்தமனப் படங்களை நீக்கிவிடுங்கள். அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு உங்கள் மாவட்டத்திலுள்ள நாளிதழ் அலுவலகங்களின் தலைமை நிருபரையோ புகைப்படக்காரரையோ சந்தியுங்கள். அவர்களால் எல்லா ஒன்றியத்துக்கும் ஓட முடியாது. தங்கள் கை எட்டாத ஊரிலிருந்து சரியான படவிளக்கத்துடன் படம் அனுப்பும் ஆள் அவர்களுக்கு வேண்டும். பகுதிநேரப் புகைப்படக்காரராக அப்படித்தான் பலர் உள்ளே வருகிறார்கள். கல்லூரியில் படிப்பவர்கள் விகடனின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

படத்துக்கு இவ்வளவு என்று தரும் சன்மானம் மட்டும் வைத்துக் குடும்பம் நடத்துவது கடினம். அதனால் தொடக்க ஆண்டுகளில் வேறொரு வருமானத்தை விட்டுவிடாதீர்கள். உரிமை பற்றியும் ஆரம்பத்திலேயே பேசுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, நீங்களாக எடுத்த படத்தின் முதல் உரிமையாளர் நீங்கள். ஒருவர் பணம் தந்து எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்குச் சொந்தம். ஆகவே எதையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் பெயரையும் படத்தோடு போடச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உழைப்புக்கு உரியது.

பெரிய ஊர்களிலும் பெரிய தலைவர்களைச் சுற்றியும் கேமராக்கள் நிறைந்திருக்கின்றன. வறண்ட கண்மாய்க்கும், கூரை ஒழுகும் ஊராட்சிப் பள்ளிக்கும், பேருந்து நிற்காத ஊருக்கும் கேமரா வருவது அரிது. அங்கே வசிப்பவர் நீங்கள் என்றால், உங்களைவிட அந்தச் செய்திக்கு அருகில் யாரும் இல்லை. இந்த வாரமே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்று தூரங்களில் படமெடுத்து, பெயர்களைச் சரிபார்த்து, படவிளக்கம் எழுதி, அன்று மாலைக்குள் உங்கள் மாவட்ட நாளிதழ் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். வெளிவராவிட்டால் அடுத்த வாரமும் அனுப்புங்கள்.