அடுக்குப் படலங்களில் ஒளியுறிஞ்சல்: பகுமுறையும் எண்முறையும்

மழை ஓய்ந்த தெருவிலே தேங்கிய நீர்மேல் எண்ணெய்த்துளி பரவி நிறங்காட்டுவதை யாவரும் கண்டிருப்பர். படலத்தின் மேல்முகத்தில் தெறித்த ஒளியலையும் கீழ்முகத்தில் தெறித்த ஒளியலையும் ஒன்றோடொன்று தலையிடுதலே அதற்குக் காரணம். உயர்வகுப்பிலே நியூற்றன் வளையங்களை அளந்த பழைய மாணவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. இதே தலையீடு சூரியக் கலமொன்றின் படலங்களுக்குள் நிகழுமாயின், ஒளி எப்படலத்தில் எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைக் கணிப்பது எங்ஙனம்? சமன்பாட்டைத் தீர்த்துச் சூத்திரம் பெறுதல் ஒரு வழி, அது பகுமுறை. வெளியைச் சிறு கட்டங்களாக வகுத்துக் கணினியின் துணையோடு எண்களாலே தீர்வை அணுகுதல் மற்றொன்று, அது எண்முறை. இரண்டும் மக்சுவெல்லின் சமன்பாடுகளையே மூலமாகக் கொண்டவை.

முதலில் நினைவுக்கு வருவது பியர்–இலம்பேட்டு விதி. 1729 இல் பூகேயும் 1760 இல் இலம்பேட்டும் 1852 இல் பியரும் வளர்த்த இவ்விதி, ஆழஞ் செல்லச் செல்ல ஒளிச்செறிவு அடுக்குக்குறி முறையிற் குறையும் என்கிறது. 600 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளி சிலிக்கனுள் ஏறத்தாழ 2.4 மைக்கிரோமீற்றர் சென்றதும் 37 சதவீதமாகக் குறைகின்றது. 1000 நனோமீற்றர் ஒளி அவ்வளவு குறைவதற்கு 150 மைக்கிரோமீற்றருக்கு மேல் வேண்டும். தடித்த தகட்டுக்கு இவ்விதி போதும். ஆனால் இது முன்னோக்கிச் செல்லும் ஒளியை மாத்திரமே அறியும். திரும்பி வரும் அலையை அறியாது.

அக்குறை சேதனச் சூரியக் கலத்திலே வெளிப்படையாகும். அங்கே ஒளியுறிஞ்சும் படலத்தின் தடிப்பு 100 நனோமீற்றர் அளவினதே. அதன் பின்னே உலோக மின்வாய் ஆடிபோல நிற்கின்றது. செல்லும் அலையும் மீளும் அலையும் கூடி நிலையான அலையை உண்டாக்குவதால், உலோகத்தை ஒட்டிய இடத்தில் மின்புலம் ஏறக்குறைய அற்றுப்போகின்றது. அவ்விடத்தில் எத்துணைச் சிறந்த உறிஞ்சியை வைப்பினும் பயன் சிறிதே. முறிவுச் சுட்டி 1.8 ஆயின் 600 நனோமீற்றர் ஒளியின் அலைநீளம் படலத்துள் 333 நனோமீற்றர். இலட்சிய உலோகமாயின் அதன் காற்பங்காகிய 83 நனோமீற்றர் தூரத்திலேதான் புலம் உச்சத்தை அடையும். எனவே படலத்தைத் தடிப்பாக்குந்தோறும் உறிஞ்சல் சீராகக் கூடாது. ஏறியும் இறங்கியும் செல்லும்.

இதனைச் சரிவரக் கூறுவது தாயமுறை. 1823 இல் பிரெனல் கண்ட குணகங்களைக் கொண்டு ஒவ்வோர் எல்லைக்கும் ஒவ்வொரு படலத்துக்கும் ஈரிரண்டு தாயமொன்றை எழுதி, அவற்றை வரிசையாகப் பெருக்கினால் தெறிப்பும் கடத்தலும் கிடைக்கும். ஆயின் தெறித்ததையும் கடந்ததையும் கழித்தபின் எஞ்சுவது மொத்த உறிஞ்சலே. உலோகம் விழுங்கிய ஒளி வெப்பமாகி வீணே போகும். அதனையும் பயன்தரும் உறிஞ்சலோடு கூட்டிவிட்டால் கலத்தின் திறனை மிகையாக மதிப்போம். ஆகவே ஒவ்வோர் ஆழத்திலும் மின்புலத்தின் வர்க்கத்தைக் கண்டு, அதனை அவ்விடத்து முறிவுச் சுட்டியோடும் உறிஞ்சற் குணகத்தோடும் பெருக்கிப் படலவாரியாகப் பிரித்தல் வேண்டும். 1999 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெற்றர்சனும் அவரது துணைவரும் சேதனக் கலங்களுக்கு இதனையே செய்து காட்டினர். பத்துப் படலங்களின் தாயங்களைக் கையாற் பெருக்குவார் இக்காலத்தில் எவருமிலர், கணினியே பெருக்கும். எனினும் வெளியைத் துண்டாடாமையால் இதனைப் பகுமுறையென்றே கொள்ளுதல் தகும்.

இம்முறையிலும் இடர்கள் உள. 3 மில்லிமீற்றர்க் கண்ணாடியை மெல்லிய படலம்போல எண்ணிக் கணித்தால், 0.04 நனோமீற்றர் இடைவெளியில் நெருங்கிய அலைவுகள் வரைபில் தோன்றும். சாதாரண அளவீட்டில் அவற்றைக் காணமுடியாது. அக்கண்ணாடிக்கு வீச்சத்தை விடுத்துச் செறிவுகளையே கூட்டல் வேண்டும்.

மேற்பரப்பு தட்டையாக இல்லாதவிடத்துத் தாயமுறை கைவிடுகின்றது. வெள்ளித் துணிக்கைகள் பதித்த படலத்துக்கோ நுண்குழிகள் நிறைந்த முகத்துக்கோ எண்முறையே கதி. 1966 இல் யீ என்பவர் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் கட்டமொன்றின் வெவ்வேறு புள்ளிகளில் வைத்து, நேரத்தைச் சிறுசிறு படிகளாக முன்செலுத்தும் வழியைக் காட்டினார். விலை மாத்திரம் பெரிது. 600 நனோமீற்றர் ஒளி சிலிக்கனுள் 154 நனோமீற்றராகச் சுருங்குவதால், அலைக்கு இருபது கட்டம் வைப்பின் கட்டத்தின் பக்கம் 8 நனோமீற்றர்க்குக் குறைவாகும். அப்பக்கத்தைப் பாதியாக்கினால் முப்பரிமாணத்திற் கட்டங்கள் எட்டு மடங்கு; நேரப்படியும் பாதியாக வேண்டுதலால் வேலை பதினாறு மடங்கு. தட்டையான படலங்களுக்கு இதனைக் கையாளுதல் எறும்பைக் கொல்ல யானையை ஏவுதலாகும்.

கணினி தரும் வண்ணப்படத்தைக் கண்டவுடன் அதனை உண்மையென நம்பும் வழக்கம் மாணவரிடையே பரவியுள்ளது. நாம் வேண்டுவது இதுவே: துணிக்கைகளைப் பதிக்குமுன் அதே கணினிநிரலுக்கு விடை தெரிந்த கணக்கொன்றைக் கொடுத்துப் பாருங்கள். வெறுஞ் சிலிக்கன் 600 நனோமீற்றர் ஒளியில் ஏறத்தாழ 35 சதவீதத்தைத் தெறிக்கும். அதன்மேல் முறிவுச் சுட்டி 2 உள்ள சிலிக்கன் நைத்திரைட்டை 75 நனோமீற்றர் தடிப்பிற் பூசினால், அது கால் அலைநீளப் படலமாதலால், தெறிப்பு அனேகமாகப் பூச்சியமாகும். நிரல் இதனைக் காட்டாவிடிற் கட்டத்தைச் சிறிதாக்குக. அப்பொழுதும் காட்டாவிடின் நிரலிலேயே பிழையுண்டு.

இரு முறைக்கும் பொதுவான குறையொன்றும் உளது. முறிவுச் சுட்டியும் உறிஞ்சற் குணகமும் அளந்து பெறவேண்டியவை; படலத்தை ஆக்கிய விதமும் வெப்பநிலையும் மாற அவையும் மாறும். பிறர் அளந்த படலத்தின் எண்களை நமது படலத்துக்கு இட்டுக் கணித்தால், பகுமுறையும் எண்முறையும் தம்முள் முற்றும் ஒத்துவரும். அளவீட்டோடு மாத்திரம் ஒத்துவரமாட்டா.