பாட்டிலைக் கழுவும் காரம்

கடைகளிலிருந்து திரும்பி வரும் கண்ணாடி பாட்டிலுக்குள் காய்ந்த சர்க்கரைப் பாகு இருக்கும், பூஞ்சை இருக்கும், சிகரெட் துண்டுகூடக் கிடக்கும். இத்தனையையும் உரித்தெடுப்பது காஸ்டிக் சோடா என்ற காரம். தண்ணீரில் சுமார் 2 சதவீதம் கரைத்து, 60 முதல் 80 டிகிரி வரை சூடாக்கி, பாட்டில்களை அதில் ஊறவிடுவார்கள். கொழுப்பைச் சோப்பாக்கும், புரதத்தைக் கரைக்கும். அதனால்தான் அழுக்கு போகிறது. நம் தோலும் கொழுப்பும் புரதமும்தானே!

ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம். ஆனால் பல ஆசிட்கள் பட்ட இடத்தில், எலுமிச்சை பிழிந்த பாலைப் போலப் புரதம் திரைந்து கெட்டியாகி, மேலும் உள்ளே இறங்குவதை ஓரளவு தடுத்துவிடும். காரத்துக்கு அந்தத் தடை கிடையாது. கரைத்துக்கொண்டே இறங்கும். விரலில் பட்டதும் தெரிகிற வழுவழுப்பு, தோலின் கொழுப்பு சோப்பாக மாறத் தொடங்கியதன் அடையாளம். எரிச்சல் சில நேரம் தாமதமாகத்தான் வரும். கண்ணில் தெறித்தால் சில நிமிடங்களுக்குள் கருவிழியைக் கடந்து உள்ளே போய்விடும்.

பீர் ஆலையில் இந்தக் காரம் எஃகையே கசக்கும். நொதித்து முடிந்த தொட்டிக்குள் கார்பன் டை ஆக்சைடு நிறைந்திருக்கும். அதை வெளியேற்றாமல், காற்று நுழைய வழியும் விடாமல், கழுவுவதற்காகக் காரக் கரைசலைப் பீய்ச்சினால், காரம் அந்த வாயுவை விழுங்கிச் சோடியம் கார்பனேட் ஆகிவிடும். உள்ளே அழுத்தம் சரசரவென்று இறங்கும். வெளியே வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 10 டன் பாரம்போல அழுத்துகிறது. உள்ளழுத்தத்தைத் தாங்கவென்று கட்டிய தொட்டி, வெளியழுத்தத்தில் நசுங்கி உள்வாங்கிவிடும்.

காஸ்டிக் கரைக்கும் நேரமும் ஆபத்தானது. தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக்கின்மேல் தண்ணீரை ஊற்றினால், கரையும்போது எழும் வெப்பத்தில் கொதித்து முகத்தில் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியோ கையுறையோ கொடுக்காமல் ஒரு தொழிலாளியிடம் காஸ்டிக் மூட்டையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, பிறகு நேரும் காயத்தை விபத்து என்று எழுதுவது அநியாயம்.

கண்ணில் பட்டுவிட்டால் வினிகர் ஊற்றக் கூடாது. அதைத் தேடும் நேரமே கண்ணைக் கொன்றுவிடும். உடனே தண்ணீர்தான். இமைகளை விரித்துப் பிடித்துக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும், பிறகு ஆஸ்பத்திரி. கண் கழுவும் குழாய் 10 விநாடியில் போய்ச் சேரும் தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்கத் தரவிதி. போகும் வழியில் பாட்டில் கிரேட்டுகளை அடுக்கிவைக்கக் கூடாது.