விமானத் தளம் காக்கும் லாரி

ஒரத்தநாட்டுப் பக்கத்து வயல்களில் வேலை செய்கிறவர்களுக்கு, காது அடைக்கும்படி உறுமிச் செல்லும் சுகோய் விமானம் இப்போது புதுமையன்று. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று, பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்க வல்ல சுகோய்-30 விமானங்களுடன் 222-ஆம் படையணி நிலைகொண்ட நாள் முதலாக, அதன் வேகமும் பலமும் நம் டீக்கடைகளில் சிறுவர்களுக்குக்கூட மனப்பாடமாகிவிட்டன. ஆனால் எந்தப் போர்விமானமும் தன் ஆயுளின் பெரும்பகுதியைத் தரையிலேதான் கழிக்கிறது. ஆகாயத்தில் அசகாய சூரனாகிய அதே யந்திரம், தரையில் நிற்கையில், வேலி தாண்டி வந்த ஒருவன் வீசும் கைக்குண்டுக்கும் பதில் சொல்ல மாட்டாத அநாதை. அந்த அநாதைக்குக் காவலாக வேலியோரம் சுற்றிவரும் ஆயுதம் தாங்கிய லாரியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே அதைப் பற்றியே இங்கே சொல்லப் புகுகிறேன்.

இவ்வகை வாகனம் அவசரத்தில் பிறந்தது. 1940 ஏப்ரலில் நார்வேயிலும் மே மாதத்தில் ஹாலந்திலும், ஜெர்மானியப் பாரசூட் வீரர்கள் விமான நிலையங்களின்மீதே இறங்கி அவற்றைக் கைப்பற்றினார்கள். ஜூன் தொடக்கத்துக்குள் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் சேனை உயிர் தப்பி வந்ததே ஒழிய, அதன் பீரங்கிகளும் வண்டிகளும் பிரான்ஸிலேயே தங்கிவிட்டன. அடுத்தது நம் தலையில்தான் இறங்குவார்கள் என்ற பீதி இங்கிலாந்தைப் பிடித்துக்கொண்டது. கவசத்துக்கு வேண்டிய எஃகுத் தகடோ கிடைப்பது அரிது. இந்த நெருக்கடியில், உல்வர்ட்டன் ரயில்வே பட்டறையில் ஒரு விசித்திரமான வண்டியைத் தயாரித்தார்கள். சாதாரணச் சரக்கு லாரியின் தளத்தின்மேல், கூரையில்லாத பெரிய மரப்பெட்டி ஒன்று. அதன் சுவர்கள் இரட்டைப் பலகையால் ஆனவை. இரு பலகைகளுக்கும் நடுவே விட்ட ஆறு அங்குல இடைவெளி முழுவதும் கூழாங்கல். உள்ளே லூயிஸ் இயந்திரத் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நிற்பார்கள். 'ஆர்மடில்லோ' என்று பெயர்.

சிரிக்கத் தோன்றுகிறதல்லவா? கல்லை நிரப்பியதில் நுட்பம் இருக்கிறது. பலகையைத் துளைத்து வரும் தோட்டா முதல் கல்லில் மோதியதும் திசை திரும்புகிறது, அடுத்த கல்லில் நசுங்குகிறது. மோதப்பட்ட கல் உடைந்து பக்கத்துக் கற்களைத் தள்ள, அவை தமக்குள் புரண்டு அந்த வேகத்தைப் பங்கிட்டுக்கொள்ள, உட்பலகையை எட்டுவதற்குள் தோட்டாவின் பலம் தீர்ந்துவிடுகிறது. உடைந்த கல்லுக்குப் பதிலாக வேறு கல்லைக் கொட்டிக்கொண்டால் வேலை முடிந்தது.

அதே காலத்தில் 'காங்கிரீட் லிமிடெட்' என்ற கம்பெனி பழைய லாரிகளின் மேல் காங்கிரீட்டினாலேயே அறை கட்டி, 'பைசன்' என்ற பெயரில் சில நூறு வண்டிகளை அனுப்பியது. உறுதியில் குறையில்லை, பாரம்தான் சகிக்க முடியாதது. பல வண்டிகள் ஓடுபாதைக்கருகே ஓரிடத்தில் நிற்பதோடு சரி. என் அபிப்பிராயத்தில் இரண்டில் கூழாங்கல் லாரியே புத்திசாலித்தனமானது. காவல் வண்டியின் சரித்திரம் முழுவதுமே பாரத்துக்கும் ஓட்டத்துக்கும் நடக்கும் வழக்குத்தான். பைசன் அதில் ஒரு கட்சியை அடியோடு மறந்துவிட்டது.

1941 மே மாதம் கிரீட் தீவின் மாலெமே விமான நிலையம் பறிபோனதோடு தீவே பறிபோன பிறகு, தளங்களைக் காப்பதற்கென்றே தனிப்படை வேண்டும் என்று உணர்ந்து, 1942 பிப்ரவரி 1 அன்று பிரிட்டிஷ் விமானப்படை ஒரு ரெஜிமெண்டை நிறுவியது. நம் பக்கத்திலும் அபாயம் தூரத்தில் இல்லை. அந்த ஏப்ரலில் 5-ஆம் தேதி கொழும்பிலும், 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திருகோணமலையிலும் ஜப்பானியர் குண்டு வீசினர். சென்னை நகரமே காலியாயிற்று. தஞ்சாவூர், உளுந்தூர்ப்பேட்டை, சோழவரம் ஆகிய இடங்களின் ஓடுபாதைகளுக்கு அந்த யுத்தகாலத்தில் வேலை வந்தது.

அக்காலத்து இந்தியா செய்த கவச வண்டி ஒன்றையும் சொல்லாமல் விடலாகாது. கனடாவிலிருந்து வந்த ஃபோர்டு சட்டத்தின்மேல், டாட்டா எஃகுத் தகட்டைப் பொருத்தி, நம் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள் 1940 முதல் 1944 வரை 4,655 வண்டிகளைச் செய்தளித்தார்கள். 'டாட்டாநகர்' என்பது அதன் செல்லப் பெயர். வட ஆப்பிரிக்க மணலிலும் இத்தாலிய மலைப் பாதைகளிலும் இந்தியப் படைகளோடு அது ஓடியது.

இத்தனை பாரமுள்ள வண்டிக்குப் பெல்ட் போடாமல் ஏன் டயர் போடுகிறார்கள் என்று நம் விவசாயி கேட்கக்கூடும். ஈரம் உலராத வயலில் டயர் வண்டி புதைந்துவிடும் என்று, கூடுதல் வாடகை கொடுத்துப் பெல்ட் அறுவடை யந்திரத்தை அழைக்கிறவர் அவர். பெல்ட் பாரத்தைப் பரப்பித் தாங்குகிறது, உண்மைதான். ஆனால் தளத்துக் காவல் வேலியோரத் தார்ச்சாலையில் நடப்பது. அபாயச் சங்கு ஊதினால் மறுமூலைக்கு நிமிஷங்களில் போய்ச் சேர வேண்டும். பெல்ட் தாரைக் கிழிக்கும், சத்தமிடும், அடிக்கடி பழுது கேட்கும். ஆகவே டயரே உசிதம். குண்டு பாய்ந்து காற்றிறங்கினாலும் சிறிது தூரம் ஓடும்படி, டயருக்குள்ளே கெட்டியான வளையம் ஒன்றை இப்போது வைத்துவிடுகிறார்கள்.

கண்ணிவெடி மலிந்த இடங்களில் இன்னொரு உபாயம் உண்டு. வண்டியின் அடிவயிற்றைத் தட்டையாக விடாமல் படகைப் போல் கூராகச் செய்துவிட்டால், கீழிருந்து எழும் வெடியின் வேகம் இரு பக்கமும் சிதறிப் போகும். தென்னாப்பிரிக்காவிலிருந்து இலங்கைக்கு வந்த கவச வண்டி அவ்வகையே. ஈழத் தமிழர் அதைப் 'பவள்' என்பார்கள்.

2016 ஜனவரி 2 அன்று பஞ்சாபிலுள்ள பதான்கோட்டு விமானப்படைத் தளத்துக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்தபோது, தளத்தைக் காக்கும் விஷயம் மீண்டும் தலைதூக்கியது. 2021 ஏப்ரலில், அசோக் லேலண்ட் நிறுவனம், அமெரிக்காவின் லாக்ஹீட் மார்ட்டின் வடிவத்தைத் தழுவி இங்கேயே செய்த குண்டு துளைக்காத இலகு வாகனங்களின் முதல் தொகுதியை விமானப்படைக்கு அளித்தது. நாலு சக்கரமும் இழுக்கும். ஆறு பேர் அமரலாம். சேற்றிலும் மணலிலும் ஆழமில்லாத நீரிலும் செல்லும். எண்ணூரில் காலூன்றி, நம் பஸ்களுக்கும் நெல் லாரிகளுக்கும் சட்டம் செய்து பழகிய கம்பெனி அது.

ஆனாலும் வண்டியொன்றே காவலாகிவிடாது. ராணுவத்தில் ஓய்வு பெற்றபின் நம் ஜில்லாவாசிகள் பலரும் மறுபடி சேரும் டி.எஸ்.சி. என்ற பாதுகாப்புப் படையினர்தாம் பல தளங்களில் இரவு பகலாக வாயிலிலும் வேலியிலும் நிற்கிறார்கள். பதான்கோட்டில் உயிரிழந்த ஏழு வீரர்களில் ஐவர் அந்தப் படையைச் சேர்ந்தவர்கள்.